கண்மாய்க்கரைச் சாலைகளின் மண்ணை நிலத்திலேயே சோதிக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தேவகோட்டை வட்டத்தில் உள்ள எங்கள் ஊருக்கு, முதன்மைச் சாலையிலிருந்து பிரிந்து வரும் இணைப்புச் சாலையின் நீளம் 2.8 கிலோமீட்டர். கடந்த ஒன்பது ஆண்டுகளில் அது மூன்று முறை புதிதாகப் போடப்பட்டது. மூன்று முறையும் ஒரே இடத்தில்தான் அமிழ்ந்தது. ஊர்க் கண்மாயின் கரையை ஒட்டி, நஞ்சை வயல்களுக்கு நடுவே செல்லும் ஏறத்தாழ 180 மீட்டர்தான் அந்த இடம். அதற்கு முன்னும் பின்னும் உள்ள சாலை இன்றும் நன்றாகவே இருக்கிறது. அந்த 180 மீட்டரில் மட்டும் கார்த்திகை மழை முடிவதற்குள் சக்கரத் தடங்கள் வாய்க்கால்போல் இறங்கிவிடுகின்றன. தடத்தின் இரு பக்கமும் தார் புடைத்து எழும்புகிறது. தை பிறக்கும் முன் ஜல்லி பெயர்ந்து வெளியே வந்துவிடுகிறது. தார் மட்டம், கலவை மட்டம், கமிஷன் வாங்கிவிட்டார்கள் என்றுதான் ஊரில் பேசிக்கொள்கிறார்கள். சாலைப் பணிகளுக்கான மண் ஆய்வுக்கூடத்தில் 31 ஆண்டுகள் உதவியாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், குறை தாரில் இல்லை, அதற்கு அடியில் இருக்கும் மண்ணை யாரும் சோதிக்காததில்தான் இருக்கிறது என்பதைத் தங்கள் நாளிதழ் வழியாக எடுத்துச் சொல்ல விரும்புகிறேன். எங்கள் ஊருக்கு மட்டும் உரிய குறையாக இருந்தால் மனுவோடு நிறுத்தியிருப்பேன். காரைக்குடி, கல்லல், கண்டனூர், புதுவயல் என்று செட்டிநாட்டில் நான் போய்வரும் பக்கமெல்லாம் கண்மாயை ஒட்டிய சாலைகளில் இதே கதையைப் பார்ப்பதால் எழுதுகிறேன்.

தார்ச்சாலை என்பது மேலே தெரியும் கறுப்புப் பரப்பு மட்டுமன்று. அதற்குக் கீழே ஜல்லிப் படுகை, அதற்குக் கீழே கிராவல் படுகை, எல்லாவற்றுக்கும் அடியில் அந்த இடத்து மண் என்று அடுக்கடுக்காக அது அமைகிறது. லாரிச் சக்கரம் அழுத்தும் பாரத்தை மேல் அடுக்குகள் பரப்பிப் பரப்பிக் கீழே அனுப்புகின்றன. கடைசியில் அதைத் தாங்குவது மண்தான். மண் வலுவாக இருந்தால் மேலே மெல்லிய அடுக்குகள் போதும். மண் வலுக்குறைந்தால் கிராவலும் ஜல்லியும் கூடுதல் கனத்தில் வேண்டும். ஆகவே சாலையின் கனத்தைத் தீர்மானிக்கும் முன் மண்ணின் வலுவை ஓர் எண்ணாக அறிந்தாக வேண்டும். உலகெங்கும் பெரிதும் வழங்கும் எண் சி.பி.ஆர். எனப்படும் கலிபோர்னியா தாங்குதிறன் விகிதம். 1920-களின் இறுதியில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில நெடுஞ்சாலைப் பிரிவில் உருவான இந்தச் சோதனையை, இரண்டாம் உலகப்போரின்போது அமெரிக்க ராணுவப் பொறியாளர்கள் விமான ஓடுதளங்கள் அமைக்க எடுத்துக்கொண்டார்கள். அதன் பிறகு அது எல்லா நாடுகளுக்கும் பரவியது. நம் நாட்டிலும் இந்தியச் சாலைப் பேரவையின் வழிகாட்டிகள் இந்த எண்ணை வைத்துத்தான் சாலையின் கனத்தைச் சொல்கின்றன.

சோதனை செய்யும் முறை எளிமையானது. 150 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு அச்சில் மண்ணை உரிய ஈரத்தில் அடுக்கடுக்காக இடித்து இறுக்குவோம். மேலே எடைத் தட்டுகளை வைத்து, தொட்டித் தண்ணீரில் நான்கு நாள் முழுக்கி ஊறவைப்போம். ஐந்தாம் நாள் எடுத்து நீரை வடித்து, 50 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஓர் உருளைக் கம்பியை நிமிடத்துக்கு 1.25 மில்லிமீட்டர் வேகத்தில் அதனுள் அழுத்துவோம். நல்ல உடைகல் ஜல்லியில் அந்தக் கம்பி 2.5 மில்லிமீட்டர் இறங்குவதற்கு 1370 கிலோ பாரம் வேண்டும். நம் மண்ணில் அதே ஆழத்துக்கு இறங்க எவ்வளவு பாரம் வேண்டியிருக்கிறது என்பதை அந்த 1370-இன் நூற்று விகிதமாகச் சொல்வதே சி.பி.ஆர். ஏறத்தாழ 123 கிலோ தாங்கினால் 9. 41 கிலோவிலேயே இறங்கிவிட்டால் 3. நான்கு நாள் ஊறிய களிமண் அச்சைத் தொட்டியிலிருந்து தூக்கும்போது அது ஊதிப் பெருத்து, மேல்தட்டைச் சில மில்லிமீட்டர் உயர்த்தியிருக்கும். தட்டை எடுத்துவிட்டுக் கட்டைவிரலால் அழுத்தினால் விரல் பதியும். அழுத்தும் கருவியில் ஏற்றினால் மானியின் முள் மெல்ல நகர்ந்து, கொஞ்ச தூரத்திலேயே சோர்ந்து நின்றுவிடும். பக்கத்து அச்சில் இருக்கும் சரளைச் செவலில் அதே முள் கிறுகிறுவென்று ஏறும். ஒரே ஊரின் இரு முனைகளிலிருந்து வந்த இரண்டு மண் இப்படி நடந்துகொள்வதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

செட்டிநாட்டில் இந்த வேறுபாடு மற்ற இடங்களைவிடக் கூடுதல். நம் பகுதியின் மேட்டு நிலம் செம்பூராங்கல்லும் சரளைச் செவலும் கலந்தது. மண்வெட்டி போட்டால் தீப்பொறி பறக்கும் இடங்கள்கூட உண்டு. அந்த மேட்டில் விழும் மழைநீரைத் தேக்க நம் முன்னோர் பள்ளம் கண்ட இடமெல்லாம் கண்மாயும் ஊருணியும் ஏந்தலும் வெட்டினார்கள். கண்மாயின் உள்வாயிலும், மடைக்குக் கீழே உள்ள ஆயக்கட்டு வயல்களிலும் பல தலைமுறைகளாக வண்டல் படிந்து, இன்று அங்கே இருப்பது கரம்பை என்னும் களிமண். கொல்லைக்குப் போடவும் பானை வனையவும் அருமையான மண். சாலைக்கு அடியில் இருக்கத் தகாத மண். மேட்டிலிருந்து பள்ளத்துக்கு இறங்கி, கண்மாய்க்கரையைக் கடந்து, மீண்டும் மேடேறும் நம் கிராமச் சாலைகளில், ஒரு கிலோமீட்டருக்குள் மண் மூன்று முறை மாறுவது வியப்பில்லை. ஊரில் உழவு செய்யும் எவரையும் கேட்டால், இந்தப் பனைமரம் வரை செவல், அதற்கப்புறம் மணல்சாரி, மடைக்கிட்டே கரம்பை என்று நடந்துகொண்டே சொல்லிவிடுவார்.

ஆனால் மதிப்பீடு தயாரிக்கும்போது என்ன நடக்கிறது? எங்கள் சாலையின் கோப்பைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டுப் பெற்றேன். 2.8 கிலோமீட்டர் முழுமைக்கும் ஒரே ஒரு சி.பி.ஆர். எண்தான் இருந்தது: 9. மாதிரி எடுத்த இடம் முதன்மைச் சாலையிலிருந்து பிரியும் முனைக்குப் பக்கத்தில், அதாவது ஊரிலேயே கெட்டியான சரளை நிலம். ஜீப் நின்ற இடத்திலேயே இறங்கி ஒரு சாக்கு மண்ணை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றுதான் எண்ண வேண்டியிருக்கிறது. யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமன்று. பணியில் இருந்தபோது அப்படி வந்த ஒற்றைச் சாக்குகளை நானும் மறுபேச்சின்றி வாங்கி எடை போட்டிருக்கிறேன். அந்த உறுத்தலும் இக்கடிதத்துக்கு ஒரு காரணம். கிராமச் சாலைகளுக்கான இந்தியச் சாலைப் பேரவை வழிகாட்டியோ, மண் மாறும் ஒவ்வோர் இடத்திலும் மாதிரி எடுக்க வேண்டும் என்கிறது. ஒரே மண்ணாகத் தெரிந்தாலும் கிலோமீட்டருக்குக் குறைந்தது 3 மாதிரிகள் வேண்டும் என்கிறது. அதே வழிகாட்டி மண்ணை ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது. சி.பி.ஆர். 2 என்றால் மிக மோசம், 3 முதல் 4 வரை மோசம், 5 முதல் 6 வரை நடுத்தரம், 7 முதல் 9 வரை நன்று, 10 முதல் 15 வரை மிக நன்று. எங்கள் சாலை முழுவதும் 'நன்று' வகுப்பில் வைத்துக் கட்டப்பட்டது. அந்த 180 மீட்டர் எந்த வகுப்பைச் சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இந்த இடத்தில்தான் நிலத்திலேயே செய்யும் சோதனைகள் உதவுகின்றன. பாரம் ஏற்றிய லாரியைக் குறுக்கே நிறுத்தி, அதன் அடிச்சட்டத்தில் ஜாக்கியை முட்டுக்கொடுத்து, ஆய்வுக்கூடத்தில் செய்யும் அதே சி.பி.ஆர். சோதனையை நிலத்தின்மீதே செய்யலாம்; அதற்கும் இந்தியத் தர விதி இருக்கிறது. ஆனால் லாரியும் ஆளும் நேரமும் நிறைய வேண்டும். கிராமச் சாலைக்கு யாரும் அதைச் செய்யப் போவதில்லை என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். நான் வலியுறுத்துவது டி.சி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் இயங்கு கூம்பு ஊடுருவுமானியை. 1956-இல் ஆஸ்திரேலியாவில் ஸ்கலா என்பவர் இதன் முன்வடிவத்தை அறிமுகப்படுத்தினார். பின்னர் தென்னாப்பிரிக்காவில் அது மேம்பட்டு, இன்று பல நாடுகளில் கிராமச் சாலை ஆய்வுக்கு முதல் கருவியாக இருக்கிறது. நுனியில் 60 பாகைக் கோணமும் 20 மில்லிமீட்டர் விட்டமும் உள்ள எஃகுக் கூம்பு பொருத்திய ஒரு கம்பி. அதன் மேல்பகுதியில் 8 கிலோ எடையுள்ள சம்மட்டி. சம்மட்டியை 575 மில்லிமீட்டர் உயர்த்திக் கைவிட வேண்டும். பக்கத்தில் ஓர் அளவுகோல். இவ்வளவுதான் கருவி. ஒருவர் கம்பியைச் செங்குத்தாகப் பிடித்துக்கொள்ள, ஒருவர் சம்மட்டியைத் தூக்கி விட, ஒருவர் கோலைப் பார்த்து எழுதிக்கொண்டால் போதும். சம்மட்டியின் ஒவ்வோர் அடிக்கும் கூம்பு எத்தனை மில்லிமீட்டர் இறங்குகிறது என்பதிலிருந்து சி.பி.ஆர். எண்ணைக் கணக்கிட்டுவிடலாம். பரவலாக வழங்கும் ஒரு சூத்திரத்தின்படி, அடிக்கு 10 மில்லிமீட்டர் இறங்கினால் சி.பி.ஆர். ஏறத்தாழ 22, 20 மில்லிமீட்டர் இறங்கினால் 10, 40 என்றால் 5-க்குச் சற்றுக் கீழே, 60 என்றால் 3. ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் ஆழம் வரை, எந்த ஆழத்தில் மண் மாறுகிறது என்பதையும் இது காட்டிக்கொடுக்கும். ஆய்வுக்கூடத்தில் இடித்து இறுக்கிய மண் தரும் எண்ணும், நிலத்தில் கிடக்கும் மண் உள்ளபடியே தரும் எண்ணும் வேறு வேறானவை, இரண்டும் தேவை.

போன மார்கழிக் கடைசியில், சிவில் பொறியியல் படிக்கும் எங்கள் தெருப் பிள்ளைகள் இருவர் தங்கள் கல்லூரியிலிருந்து இந்தக் கருவியை இரண்டு நாளைக்கு அனுமதி பெற்று எடுத்து வந்தார்கள். ஊராட்சித் தலைவரிடம் சொல்லிவிட்டு, தாரை உடைக்காமல், சாலையோர மண் பாதையில் 100 மீட்டருக்கு ஓர் இடம் என்று 29 இடங்களில் பார்த்தோம். முனையில், கோப்பில் மாதிரி எடுத்ததாகச் சொல்லப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில், கூம்பு அடிக்கு 9 மில்லிமீட்டர்தான் இறங்கியது. சம்மட்டி விழும் ஒவ்வொரு முறையும் கல்லில் உளி பட்டதுபோல் கணீரென்று கேட்டது. தூக்கிய பையனுக்கு அரைமணி நேரத்தில் தோள் வலித்தது. முதல் கிலோமீட்டரில் அடிக்கு 9 முதல் 14 மில்லிமீட்டர் வரையான அளவுகளே வந்தன. கண்மாயின் மடை தாண்டியதும் ஓசையே மாறிவிட்டது. மேலே ஒரு சாண் அளவுக்கு வெளியிலிருந்து கொட்டிய சரளை சற்று எதிர்த்தது; அதைக் கடந்ததும் சம்மட்டி 'தொப்' என்று விழ, கூம்பு அடிக்கு 52 மில்லிமீட்டர், ஓரிடத்தில் 58 மில்லிமீட்டர் என்று வழுக்கிக்கொண்டு இறங்கியது. கம்பியை மேலே இழுத்தபோது கூம்போடு சாம்பல் நிறக் கரம்பை ஒட்டிக்கொண்டு வந்தது. கையில் உருட்டினால் மெல்லிய திரியாக நீண்டது. 52 மில்லிமீட்டர் என்றால் சி.பி.ஆர். மூன்றரை. ஒன்பது என்று வைத்துக் கட்டிய சாலை மூன்றரையின்மீது நிற்கிறது. சாலையோரத்தில் எடுத்த அளவை அப்படியே தார்ப்பரப்பின் அடியில் உள்ள மண்ணுக்கு ஏற்றிச் சொல்லக்கூடாது என்பதை நான் அறிவேன். அதற்குத் தாரை வெட்டி எடுத்து, உரிய அலுவலர்கள்தான் சோதிக்க வேண்டும். ஆனால் எங்கே வெட்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த இரண்டு நாள் வேலை ஐயத்துக்கு இடமின்றிக் காட்டிவிட்டது.

சோதனையை எந்த மாதத்தில் செய்கிறோம் என்பது இதில் மிகவும் முக்கியம். நம் ஊரில் நிதியாண்டுக் கணக்குக்காகப் பங்குனி, சித்திரையில்தான் பெரும்பாலும் அளவெடுக்க வருகிறார்கள். அப்போது கண்மாய் வறண்டு, கரம்பை வெடித்து, ஓடுபோல் காய்ந்திருக்கும். அந்த நேரத்தில் டி.சி.பி. போட்டால் கரம்பையும் செவலைப்போல் எண் காட்டும். சோதனை செய்தோம் என்ற மன நிறைவோடு தவறான கனத்தை வரைந்துவிடுவோம். அதே மண் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையில் ஊறியதும் குழம்பாகிவிடும். கண்மாய் நிரம்பியதும் கரையின் அடியில் கசிவு தொடங்கும். வயலில் தண்ணீர் நிற்கும். சாலைக்கு அடியில் உள்ள மண் இரண்டு பக்கமிருந்தும் நீரை உறிஞ்சும். ஆய்வுக்கூடத்தில் நான்கு நாள் ஊறவைப்பது இந்த நிலையை முன்கூட்டியே பார்ப்பதற்காகத்தான். ஆகவே கண்மாய்ச் சாலைகளில் நிலச் சோதனையை மார்கழி, தையில், ஈரம் இருக்கும்போது எடுக்க வேண்டும். கோடையில்தான் எடுக்க முடியும் என்றால், அன்றைய ஈர அளவைக் கட்டாயம் பதிந்து, அந்த இடத்து மண்ணை ஊறவைத்த சி.பி.ஆர். சோதனைக்கு அனுப்பி, இரண்டில் குறைந்த எண்ணையே வடிவமைப்புக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சரளை நிலத்தில் கூம்பு ஒரு கல்லின்மேல் உட்கார்ந்துவிட்டால் பொய்யாக உயர்ந்த எண் வரும். கம்பி சாய்ந்தாலும் அப்படியே. அத்தகைய இடத்தில் ஓர் அடி தள்ளி மீண்டும் போட்டுப் பார்க்காமல் எழுதிவிடக்கூடாது.

பாரம் கூடியிருப்பதையும் மறந்துவிட முடியாது. புதுவயல் அரிசி ஆலைகளுக்கு நெல் ஏற்றி வரும் லாரிகளும், எம்-சாண்ட், ஜல்லி ஏற்றிய டிப்பர்களும் இப்போது குறுக்கு வழி தேடி ஊர்ச் சாலைகளுக்குள் வருகின்றன. வடிவமைப்பில் எல்லா வண்டிகளையும் ஒப்பிட அளவுகோலாகக் கொள்ளும் 'தர அச்சின்' பாரம் 8.16 டன். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த பெரிய சாலைச் சோதனையிலிருந்து, அச்சுப் பாரம் கூடும்போது சாலைக்கு ஏற்படும் சேதம் ஏறத்தாழ நான்காம் அடுக்கில், அதாவது பாரம் இரு மடங்கானால் சேதம் பதினாறு மடங்காகக் கூடுகிறது என்பது தெரிந்தது. நான்கு டயர் உள்ள ஒற்றை அச்சுக்கு நம் நாட்டில் 2018-இல் சட்ட வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அந்த 11.5 டன் அச்சு ஒரு முறை போவது, தர அச்சு ஏறத்தாழ நான்கு முறை போவதற்குச் சமம். வரம்பை மீறி ஏற்றுவதை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. பாரம் இவ்வளவு ஏறிய பிறகு, அடியில் இருப்பது ஒன்பதா மூன்றரையா என்று தெரியாமல் சாலை போடுவது, அடித்தளம் தோண்டாமல் மாடி எழுப்புவதைப் போன்றது.

ஊருக்குள் போடும் சிமென்ட் சாலைகளிலும் இதே அலட்சியம்தான். கான்கிரீட் பலகை பாரத்தை அகலமாகப் பரப்பும் என்பது உண்மையே. ஆனால் அடியில் ஒரு பக்கம் கெட்டியாகவும் ஒரு பக்கம் இளகியும் இருந்தால் பலகை குறுக்கே வெடித்துவிடும். அதைச் சரிசெய்யப் பழைய பரப்பின்மேலேயே இன்னொரு பலகை வார்த்து, தெரு மட்டம் ஏறி, நம் பகுதி வீடுகளின் திண்ணைப்படிகள் மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன. மழைநீர் தெருவில் ஓடி ஊருணியில் சேரும்படி மட்டம் பார்த்துக் கட்டிய ஊர்கள் இவை. பழைய பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டே புதிதாகப் போட வேண்டும், மட்டத்தை உயர்த்தக்கூடாது என்று 2021-இல் தலைமைச் செயலாளர் உத்தரவிட்டார். அதைச் செயல்படுத்த வேண்டுமானால், கனத்தைக் கூட்டிக் கூட்டித் தப்பிக்கும் வழி அடைபட்டுப் போகிறது. அடிமண்ணைச் சோதித்துச் சீர்படுத்துவதைத் தவிர வேறு வழி இருக்காது.

நான் ஓர் அலுவலரிடம் இதைப் பற்றிப் பேசியபோது அவர் மரியாதையாகவே சொன்னார்: "ஐயா, நீங்க சொல்றது சரிதான். ஆனா இத்தனை டெஸ்ட் எடுத்துக்கிட்டிருந்தா டெண்டர் எப்ப விடுறது, வேலைய எப்ப முடிக்கிறது?" அவருடைய நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனால் எங்கள் பிள்ளைகள் வேலைக்குப் புதியவர்கள். அவர்களுக்கே 29 இடங்களுக்கு இரண்டு நாள்தான் ஆயிற்று. பழகிய மூவர் ஒரே நாளில் முடித்துவிடுவார்கள். ஒரே சாலையை ஒன்பது ஆண்டில் மூன்று முறை போட்ட செலவுக்கு முன், ஒரு நாள் கூலி ஒரு பொருட்டே அல்ல. சாலை முழுவதையும் தடிமனாக்கும்படி நான் கேட்கவில்லை. செவல் நிலத்தில் எங்கள் நில அளவுப்படி சி.பி.ஆர். 15-க்குமேல் இருக்கிறது; ஊறவைத்த சோதனையும் அதை உறுதிசெய்தால், அங்கே இப்போது போடுவதைவிடச் சற்றுக் குறைத்தாலும் நிற்கும். மிச்சமாகும் கிராவலையும் ஜல்லியையும் அந்த 180 மீட்டருக்குக் கொடுத்தால் போதும். மொத்தச் செலவு கூடுமா குறையுமா என்பதை மதிப்பீட்டாளர்களே கணக்கிட்டுப் பார்க்கட்டும்.

வலுக்குறைந்த இடத்தில் என்ன செய்வது என்பதற்கும் வழிகள் உள்ளன. அவை நம் பகுதிக்கு அந்நியமானவையும் அல்ல. கரம்பையை ஓரளவு ஆழத்துக்கு வெட்டி எடுத்துவிட்டு, மேட்டுச் சரளையைக் கொண்டுவந்து அடுக்கடுக்காக உருட்டி இறுக்கலாம். வெட்டி எடுக்கும் கரம்பையை வயலுக்கு ஏற்றிப்போக உழவர்கள் காத்திருக்கிறார்கள். சரளை தொலைவில் இருந்தால், களிமண்ணோடு எடையில் நூற்றுக்கு 3 முதல் 6 பங்கு வரை சுண்ணாம்பைக் கலந்து உருட்டலாம். சுண்ணாம்பு களியின் பிசுபிசுப்பைப் போக்கி, நாளடைவில் கெட்டிப்படுத்தும். சுண்ணாம்பின் அருமையைச் சொல்லித்தர வேண்டிய ஊரா நம்முடையது? நூறாண்டு கடந்தும் முகம் தெரியும் பளபளப்போடு நிற்கும் நம் வீட்டுச் சுவர்களே போதுமே. எது செய்தாலும், எத்தனை பங்கு சுண்ணாம்பு என்பதையும் சோதித்துத்தான் முடிவு செய்ய வேண்டும். மணற்பாங்கான செவலில் அது பெரிதாகப் பலன் தராது. இவை எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் வெளியேற வழி வேண்டும். சாலை வயல் மட்டத்திலேயே கிடந்தால், ஓரத்தில் வடிகால் இல்லாவிட்டால், குறுக்கே செல்லும் வயக்கால் குழாய் அடைபட்டிருந்தால், எந்த மண்ணும் ஊறத்தான் செய்யும்.

அடிமண்ணை இறுக்குவதிலும் சோதனை வேண்டும். ரோலர் போய்விட்டது என்பதாலேயே மண் இறுகிவிட்டது என்று பொருளாகாது. சிறு குழி தோண்டி, எடுத்த மண்ணை எடை போட்டு, குழியைச் சீரான மணலால் நிரப்பி அதன் கொள்ளளவைக் கண்டறியும் மணல் நிரப்புச் சோதனை நம் ஊர்களில் காலங்காலமாக நடப்பதுதான். மண் காய்ந்திருக்கும்போது தண்ணீர் தெளிக்காமல் ரோலர் ஓட்டினால் மேலே மட்டும் ஓடு கட்டும். உள்ளே பொருமலாகவே இருக்கும். கிராவல் கொட்டி மூடிவிட்ட பிறகு அதை யாராலும் கண்டுபிடிக்க முடியாது. ஆகையால், அடிமண்ணின் இறுக்கச் சோதனை முடிந்து எண் பதிவேட்டில் ஏறிய பிறகே அடுத்த அடுக்குக்கு அனுமதி கொடுக்க வேண்டும்.

ஆள் இல்லை என்ற காரணத்தை நம் மாவட்டத்தில் சொல்லவே முடியாது. 1952-இல் தொடங்கிய அழகப்பச் செட்டியார் பொறியியல் கல்லூரி காரைக்குடியிலேயே இருக்கிறது. இன்று அது அரசுக் கல்லூரி. வள்ளல் அழகப்பர் நிலமும் பொருளும் கொடுத்து நிறுவனங்களைக் கொண்டுவந்தது, இந்த மண்ணில் உள்ளவர்களுக்கு அறிவியல் பயன்பட வேண்டும் என்பதற்காகத்தான். சுற்றுவட்டாரப் பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் சிவில் மாணவர்கள் தங்கள் திட்டப்பணியாக ஒன்றியத்துக்கு ஐந்து சாலை வீதம் டி.சி.பி. எடுத்தாலே, ஓரிரு ஆண்டுகளில் செட்டிநாட்டுக் கண்மாய்ச் சாலைகளின் மண் வலு வரைபடம் ஒன்று உருவாகிவிடும். மதிப்பீடு தயாரிக்க வரும் பொறியாளருக்கு எங்கே தோண்ட வேண்டும் என்று அது காட்டும்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் தங்கள் நாளிதழ் வழியாக என் வேண்டுகோள் இதுதான். கண்மாய்க்கரை, ஆயக்கட்டு, ஊருணிப் பள்ளம் ஆகியவற்றின் ஓரமாகச் செல்லும் எந்தச் சாலைக்கும், மண் மாறும் இடங்கள் அனைத்திலும், நீண்ட பகுதிகளில் 100 மீட்டருக்கு ஓர் இடத்திலும் நிலச் சோதனை எடுத்த அறிக்கை இல்லாமல் மதிப்பீட்டுக்கு ஒப்புதல் அளிக்கக்கூடாது. மாதிரி எடுக்கும் நாளன்று ஊரின் நீர்ப்பாய்ச்சியையோ மூத்த உழவர் ஒருவரையோ உடன் அழைத்துச் செல்ல வேண்டும். மாதிரி எடுத்த இடம், நாள், ஈர அளவு, சி.பி.ஆர். எண் ஆகிய நான்கையும், தொகையும் ஒப்பந்ததாரர் பெயரும் எழுதும் அதே பணி விவரப் பலகையில் எழுதவும், கிராம சபைக் கூட்டத்தில் படித்துக் காட்டவும் வேண்டும். எண்களைப் படித்தால் ஊராருக்குப் புரியாது என்று நினைக்க வேண்டியதில்லை. மூன்று என்றால் கரம்பை, ஒன்பது என்றால் சரளை என்று ஒரு முறை சொன்னால் போதும், அதன் பிறகு அவர்களே கேள்வி கேட்பார்கள்.

எங்கள் சாலைக்கு நான்காம் முறையாக மதிப்பீடு தயாராகிறது என்று அறிகிறேன். நாங்கள் எடுத்த 29 இடங்களின் அளவுகளையும், எந்த மைல்கல்லிலிருந்து எத்தனை மீட்டர் என்ற குறிப்போடு, ஒன்றிய அலுவலகத்தில் கொடுத்து ஒப்புகைச் சீட்டு வாங்கியிருக்கிறேன். மடையிலிருந்து, மிகுநீர் வழியும் கலுங்கு வரையுள்ள பகுதியில் தாரை வெட்டி அலுவலர்கள் மறுசோதனை எடுக்க வரும் மார்கழியே ஏற்ற காலம். அப்போது கண்மாயில் தண்ணீர் இருக்கும், மண் தன் உண்மையான நிலையில் இருக்கும். எந்த நாள் என்று முன்கூட்டிச் சொன்னால், குழி வெட்டவும் மாதிரியைச் சாக்கில் கட்டவும் நானும் தெருப் பிள்ளைகளும் காலை ஆறு மணிக்கே மடையடியில் இருப்போம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
ஓய்வுபெற்ற மண் ஆய்வுக்கூட உதவியாளர்,
தேவகோட்டை வட்டம், சிவகங்கை மாவட்டம்.